சென்ற கூட்டத்தின் முடிவுகள்

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் போகும் ஆறேமுக்கால் பஸ், உத்தனப்பள்ளிக்கு வரும்போதே கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டுமாக நிரம்பியிருக்கும். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் கட்டுகளின் இடுக்கில் கால் வைக்க இடம் தேடி, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் இன்னொரு கையில் கம்பியுமாகத் தொங்கிக்கொண்டு போவார்கள். திம்மராயனும் முனிலட்சுமியும் நான்கு வருஷம் அந்தப் பஸ்ஸில் ஒன்றாகப் போனவர்கள். ஒன்றாக என்றால், அவன் முன்படியில் ஏறுவான், அவள் பின்படியில் ஏறுவாள். சிப்காட் தொழிற்பேட்டையில் இறங்கியும் பத்தடி விட்டுத்தான் நடப்பார்கள். ஊர் வழக்கம் அப்படி. திம்மராயன் வீட்டுக்கு மூன்று ஏக்கர் தக்காளி நிலமும் கிணறும் உண்டு. முனிலட்சுமியின் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், காலனியில். அவளுடைய அம்மா சென்னம்மா திம்மராயன் வீட்டு நிலத்தில் களை பறித்தே இடுப்பு வளைந்தவள்.

கம்பெனிக்குள் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஸ்கூட்டருக்கு உள்ளே போகும் விரல் நீள எஃகுப் பின் ஒன்றை அங்கே செய்தார்கள். கிரைண்டிங் மிஷினிலிருந்து பால்போல வெள்ளைத் தண்ணீர் சொட்டச் சொட்ட பின்கள் தட்டில் வந்து சேரும். முனிலட்சுமி ஒவ்வொன்றாகத் துடைத்து டயலுக்கு அடியில் வைப்பாள். டயலில் இரண்டு சிவப்புக் கோடு. முள் நடுவில் நின்றால் பின் சரி, கோட்டைத் தாண்டினால் தனி டப்பா. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு பின் பார்ப்பாள். சினிமாக் கதையும் பேசுவாள், முள்ளையும் விடமாட்டாள். காலனியிலிருந்து கம்பெனி அடையாள அட்டை வாங்கிய முதல் பெண் அவள். நான்கு வருஷமாகியும் டெம்பரரிதான்.

திம்மராயன் அந்த அறையின் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவுக் கருவிகளெல்லாம் அவன் பொறுப்பு. அதில் ஒன்று மாஸ்டர் பின். பார்க்க மற்றப் பின்கள் போலவே இருக்கும், அளவு மட்டும் துல்லியம். காலையில் அதை டயலுக்கு அடியில் வைத்துத்தான் முள்ளை நடுவில் நிறுத்துவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதை பெங்களூர் லேபுக்கு அனுப்பி, தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டி வாங்க வேண்டும்.

தொண்ணூற்றாறில் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் வாங்கும் வேலை நடந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் சௌந்தரராஜன் அதற்காகவே பெங்களூர் போய் நான்கு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார், ஆனால் பிடித்த பிடி விடமாட்டார். அதுவரை கம்பெனியில் மீட்டிங் என்றால் லாரி வரவில்லை, கேன்டீன் சாம்பார் நீர்த்துப் போச்சு என்று ஆளாளுக்குக் கத்திவிட்டு, முதலாளிக்குப் போன் வந்ததும் கலைந்துவிடுவார்கள். சௌந்தரராஜன் அதை மாற்றினார். மூன்று மாதத்துக்கு ஒரு மேனேஜ்மென்ட் ரிவ்யூ மீட்டிங். என்ன பேசப்போகிறோம் என்பது ஒரு வாரம் முன்பே ஆளுக்கொரு தாளாக வந்துவிடும். கணக்கில்லாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. எடுக்கிற முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. அடுத்த மீட்டிங்கில் முதல் பேச்சே சென்ற கூட்டத்தின் முடிவுகள்தான்.

"செஞ்சோமா, செஞ்சது பலன் குடுத்துதா. இந்த ரெண்டு கேள்விக்கும் நேர்மையா பதில் சொன்னா கம்பெனி தானா ஓடும்" என்பார்.

முறையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. திம்மராயனுக்குக் கையெழுத்து குண்டுகுண்டாக அழகாக இருக்கும் என்பதால் மினிட்ஸ் நோட்டு அவனிடம் வந்தது. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. மனைவி ருக்மணியிடம், "மொதலாளி பேசறத நாந்தான் எழுதறன்" என்று சொல்லிக்கொள்வான்.

பிப்ரவரியில் சான்றிதழுக்காகச் சோதனை செய்ய ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் மதியம், மாஸ்டர் பின்னின் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஸ்டிக்கரில் தேதி முடிந்து எட்டு மாதம். அனுப்பவே மறந்திருந்தான். இப்போது அனுப்பினால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். சௌந்தரராஜனிடம் சொன்னால் திட்டுவார், அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்து, டைப் அடிக்கும் மிஷினில் தானே ஒரு ஸ்டிக்கர் அடித்து, புதுத் தேதி போட்டு ஒட்டினான். ஆடிட்டர் ஸ்டிக்கரைப் பார்த்தார், தாளில் ஒரு டிக் போட்டார், அடுத்த மேஜைக்குப் போனார். அடுத்த வாரம் அனுப்பிவிடலாம் என்று இருந்தான். சான்றிதழ் வந்தது, லட்டு கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஐந்து மாதமாகிவிட்டது.

ஜூலையில், சாரல் விடாமல் அடித்த ஒரு வாரத்தில், ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து வேன் திரும்பி வந்தது. ஆயிரத்து இருநூறு பின். எல்லாம் அளவில் சின்னது, பொருத்தினால் ஆடுகிறது என்று சிவப்புச் சீட்டு கட்டியிருந்தார்கள். திம்மராயன் பக்கத்துக் கம்பெனியில் அவர்கள் மாஸ்டரைக் கடன் கேட்டு வாங்கிவந்து டயலுக்கு அடியில் வைத்தான். முள் நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அவனுடைய மாஸ்டர் தேய்ந்திருந்தது. ஒரு தலைமுடியை ஐந்தாகக் கிழித்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான் தேய்மானம். முனிலட்சுமி பார்த்த முள் நடுவில்தான் நின்றிருக்கிறது. அந்த நடு இடமே தப்பாக இருந்திருக்கிறது.

அன்று மூன்று மணிக்கு மீட்டிங். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். வாயில் வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் முதலாளி கேட்டது வேறு கேள்வி. பெங்களூர்க்காரர், பாதித் தமிழும் பாதிக் கன்னடமும் பேசுவார்.

"அந்த மாலு செக் பண்ணது யாரு?"

"முனிலட்சுமி சார்" என்றான் திம்மராயன்.

அது பொய்யில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அதற்குமேல் யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பரிசோதகரின் அலட்சியம், பரிசோதகரை நீக்குவது, பொறுப்பு திம்மராயன், தேதி இந்த மாதம் இருபது என்று முடிவாயிற்று. அவன் கையாலேயே எழுதினான்.

மறுநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"என் கண்ணால பாத்தன் சார். முள்ளு நடுவுலதான் நின்னிச்சி" என்றாள் சௌந்தரராஜனிடம். பிறகு திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணா. நானு என்னிக்கினா பாக்காம தள்ளி வுட்டிருக்கறனா?" என்று கேட்டாள்.

திம்மராயன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே அவன் மாஸ்டரை பெங்களூருக்கு அனுப்பினான். தேய்ந்துவிட்டது என்று சீட்டு வந்தது. அதை யாருக்கும் காட்டாமல், உடைந்துபோனது என்று எழுதிப் புது மாஸ்டர் வாங்கினான். அதற்குப் பிறகு ஒரு பின்கூடத் திரும்பி வரவில்லை.

முனிலட்சுமிக்கு வேலை போனதை ருக்மணியும் கேள்விப்பட்டாள். ஆவணி முடிவில் தக்காளி பழுத்துக் குலுங்கியது. ஆள் கிடைக்காத நேரம். சென்னம்மாவிடம் சொல்லி முனிலட்சுமியையும் அவள் தங்கை காவேரியையும் பழம் பறிக்கக் கூட்டிவந்தாள். வீட்டுக்காரரோடு ஒன்றாக வேலை செய்த பெண், நாலு நாள் கூலியாவது கிடைக்கட்டும் என்ற நினைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பனி இறங்காத காலை. திம்மராயன் சைக்கிளை வரப்பில் நிறுத்திவிட்டுப் போனபோது, முனிலட்சுமி குனிந்து செடிக்குள் கையை விட்டுப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மூக்கில் கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி.

"என்னாது, கண்ணாடி?" என்றான்.

"பஸ் ஸ்டாண்டு கடைல வாங்கினன்ணா. போட்டா தலதான் நோவுது."

"டாக்டருகிட்ட காட்டினியா?"

"காட்டினன். கண்ணுல ஒரு கோளாறும் இல்லன்னுதான் சொன்னாரு. நாந்தான் வுடல. கோளாறு இல்லன்னா ஆயிரத்து இருநூறு பின்னு எப்பிடிண்ணா தப்பாப் போவும்? நீங்களே சும்மா நின்னீங்க. அப்பன்னா எங்கிட்டதான என்னமோ இருக்குது? எங்கம்மா கேக்குது, புள்ளக்கி சின்ன வயசுலயே கண்ணு பூத்துப்போச்சான்னு."

அவளாகவே சிரித்தாள். கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கறன், கோச்சிக்காதீங்க. காவேரி பத்தாவது பாஸ். நம்ம கம்பெனில எழுதிப் போட்டா. அந்தக் காலனிப் பொண்ணுங்களுக்குக் கவனம் பத்தாது, இனிமே வேணாம்னு கேட்லயே சொல்லி அனுப்பிட்டாங்களாம். எனக்காவ அவளும் நிக்கறா. நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

காவேரி அடுத்த பாத்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பறித்தாள். திம்மராயன், "பாக்கறன்" என்று சொல்லிவிட்டு, எதற்கு நிலத்துக்கு வந்தோம் என்பதே மறந்து வீட்டுக்குத் திரும்பினான்.

மதியம் ருக்மணி சூடாகக் களி கிளறி, அவரைக்கொட்டைச் சாறு ஊற்றி வைத்தாள். அவன் ஒரு உருண்டையைப் பிட்டு, சாற்றில் தோய்த்து, கையிலேயே வைத்திருந்தான்.

"ஏங்க, ஆறிப் போவுது."

"அந்தப் பொண்ண இனிமே நம்ம நெலத்துக்குக் கூப்பிடாத."

"ஏன்? என்னா பண்ணா அவ?"

"அவ ஒண்ணும் பண்ணல. நான் பண்ணன்."

சொல்லிவிட்டான். ஸ்டிக்கரிலிருந்து புது மாஸ்டர் வரை ஒன்றும் விடாமல் சொன்னான். ருக்மணிக்கு மாஸ்டர் என்ன, டயல் என்ன என்று தெரியாது. ஆனால் தேதி மாற்றி ஒட்டியது புரிந்தது, ஆபீசில் சும்மா நின்றது புரிந்தது. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி கேட்டாள். களிச் சட்டியை மூடி வைத்துவிட்டு,

"நா அவள பாவம்னு கூட்டியாந்தன். எம் மனசுக்குள்ள பெரிய தருமம் பண்ணிட்டாப்பல இருந்திச்சி" என்றாள். "நேத்து அவ பழம் பறிக்கறப்ப, பாத்துப் பறி, காய சேத்துப் பறிக்காத, ஒனக்குக் கண்ணு வேற செரியில்லன்னு சொன்னன். அய்யோ."

"அடுத்த மாசம் மீட்டிங் வருது. அங்க சொல்லிர்றன்."

"மீட்டிங்குல யாருக்குங்க கண்ணாடி? போட்டுக்கினு நிக்கறது அவதான?"

முனிலட்சுமியிடம் நேரில் போய்ச் சொல்ல அவனுக்குக் கால் வரவில்லை. மீட்டிங் என்றால் நாற்காலி இருக்கிறது, மேஜை இருக்கிறது, முறை இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து சிவப்புக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மூக்கில் கறுப்பு பிரேம் அழுத்துவது போலிருந்தது. முனிலட்சுமியின் நாற்காலியில் முதலாளிக்குத் தெரிந்தவர் வீட்டுப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவளும் கெட்டிக்காரிதான். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் மீட்டிங்கில் டீயும் பிஸ்கட்டும் வந்தபிறகு சௌந்தரராஜன் தாளைப் பிரித்தார்.

"சென்ற கூட்டத்தின் முடிவுகள். முதலாவது, பின் ரிஜெக்ஷன். பரிசோதகரை மாற்றினோம். மூணு மாசமா ஒரு பின் திரும்பி வரல. ஆக, எடுத்த நடவடிக்கை பலன் தந்திருக்கு. எழுதிக்குங்க திம்மராயன்."

முதலாளி தலையாட்டினார். "முந்தே" என்றார். அடுத்ததுக்குப் போகலாம் என்று அர்த்தம். ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் அப்படித்தான் சொல்வார்.

திம்மராயன் பேனாவை மூடினான். "அது பலன் தரல சார்."

"என்னது?"

"அந்தப் பொண்ண நிறுத்தினதால ரிஜெக்ஷன் நிக்கல. மாஸ்டர் தேஞ்சிருந்துது. நாந்தான் லேபுக்கு அனுப்பாம விட்டன். ஆடிட்டர் வரப்ப ஸ்டிக்கர் நானே அடிச்சி ஒட்டினன். அவளை நிறுத்தின பெறவு புது மாஸ்டர் வாங்கினன். அதனாலதான் நின்னுது. போன மீட்டிங்குக்கு வரப்பவே எனக்குத் தெரியும் சார்."

யாரோ பிஸ்கட் கடித்த சத்தம் பாதியில் நின்றது. வேலை போய்விடும் என்று நினைத்தான். அப்படிப் போனால்கூடப் பரவாயில்லை என்றும் இருந்தது. சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க செஞ்சது பெரிய தப்பு" என்றார். "ஆனா இப்பச் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த மீட்டிங். எழுதுங்க. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் முறையில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாக் கருவிக்கும் தேதி அட்டவணை. பொறுப்பு திம்மராயன், தேதி மாசக் கடைசி. ஸ்டிக்கர் சமாச்சாரம் நோட்டுல வேண்டாம்."

"முனிலட்சுமி சார்?"

"அந்த எடத்துல ஆள் போட்டாச்சே."

திம்மராயன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அவனைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முந்தே."

வந்தது தண்டனை இல்லை. அட்டவணை போட்டதில் கம்பெனியில் இன்னும் நான்கு கருவி தேய்ந்திருந்தது தெரிந்தது. ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, இப்படித் தாங்களாகவே குறையைத் தோண்டி எடுக்கிற சப்ளையர் அபூர்வம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். சௌந்தரராஜன் எல்லாருக்கும் எதிரில் திம்மராயனின் கையைக் குலுக்கினார். தீபாவளிக்கு முன்னால் அவனை குவாலிட்டி இன்சார்ஜ் ஆக்கினார்கள். கேன்டீனில் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றத்தைச் சொன்னால் கனம் குறையும் என்று நினைத்திருந்தான். இப்போது அதற்குமேல் ஒரு மாலையும் விழுந்துவிட்டது.

இனிச் சும்மா இருக்க முடியாது என்று ஆனது. அடுத்த ஞாயிறு காலனிக்குப் போனான். அத்தனை வருஷத்தில் ஏரியைத் தாண்டி அங்கே போனது அதுதான் முதல் தடவை. சென்னம்மா பதறிப்போய், "சின்னவரே, சொல்லி அனுப்பி இருந்தா நாங்களே வந்திருப்பமே" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. முனிலட்சுமி ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மீட்டிங்கில் சொன்னதையும், இன்சார்ஜ் ஆனதையும் சொன்னான்.

சென்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முனிலட்சுமி கண்ணாடியைக் கழற்றி மடக்கி, பக்கத்தில் வைத்தாள்.

"இது போட்டுக்கினு ராவெல்லாம் நூல் கோத்துப் பாத்தன்ணா. ஊசில நூல் போவுது. அப்பிடியும் நம்பல."

"மனசு கேக்கல முனிலட்சுமி. அதான் வந்தன்."

"ஒங்க மனசுக்கா வந்தீங்க?"

கோழி ஒன்று சிந்திய ராகியைக் கொத்தியது. அவள் அதை விரட்டவில்லை.

"ஜுஜுவாடிப் பக்கம் புதுசா ஒரு கம்பெனி ஆள் எடுக்கறாங்க" என்றாள் கடைசியில். "டயல் பாக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னன். பழைய கம்பெனில எதுக்கு நிறுத்தினாங்கன்னு கேட்டாங்க. என்னா சொல்றது? எழுந்து வந்துட்டன். நீங்க எழுதிக் குடுங்க. என்னா நடந்துதோ அத எழுதி, ஒங்க பேரு, ஒங்க கையெழுத்து போட்டுக் குடுங்க."

"கம்பெனி லெட்டர் நான் குடுக்க முடியாது."

"கம்பெனிய யாரு கேட்டா? நீங்க குடுங்க."

சரி என்றான். அன்று மாலை ருக்மணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மூன்று தாள் கிழித்து நான்காவதில் எழுதி முடித்தான்.

இந்தக் கடிதத்தால் வந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஜுஜுவாடிக் கம்பெனிக்காரர் அதைப் படித்துவிட்டுச் சௌந்தரராஜனுக்கே போன் செய்தார். திம்மராயனைக் கூப்பிட்டு, நீங்கள் எழுதியதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். கம்பெனி மானத்தை வெளியில் விற்றுவிட்டான் என்று முதலாளி கத்தினார். தை மாதத்தில் அவனைக் குவாலிட்டியிலிருந்து எடுத்து, மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். முனிலட்சுமியை ஜுஜுவாடிக் கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். காவேரியை எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. அவள் அடுத்த வருஷம் கல்லாவிப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். அதற்கு யாரும் யாருக்கும் கடிதம் எழுத முடியவில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை உத்தனப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் நல்ல பனி. எதிரே இருக்கிற புளியமரம்கூடத் தெரியவில்லை. முனிலட்சுமி ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். திம்மராயன் நான்காக மடித்த தாளைக் கொடுத்தான். மடித்தபடியே பையில் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் பிரித்து, வெறும் கண்ணால், விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து நகர்த்திப் படித்தாள். பஸ் வந்தது. நடத்துநர் விசில் ஊதினார்.

"பஸ்ஸு வந்திரிச்சி" என்றான்.

"போவட்டும்."

பஸ் போனது. அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"கவனக்குறைவால் புதிய தேதி ஒட்டப்பட்டுவிட்டதுன்னு எழுதி இருக்கறீங்க. ஒட்டப்பட்டுவிட்டதுன்னா, யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

"அப்பிடி எழுதுங்க. கவனக்கொறவுன்னா தெரியாம பண்றது. நீங்க தெரியாமலா ஒட்டினீங்க?"

"இல்ல. தெரிஞ்சேதான்."

"அதையும் எழுதுங்க."

திம்மராயன் சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் தாளை வைத்தான். விறைத்துப்போன விரலால் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில், 'தெரிந்தே ஒட்டினேன்' என்று எழுதினான். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும், அடியில் மறுபடி ஒரு கையெழுத்தும் போட்டான். ஷிப்டு தொடங்க இன்னும் முக்கால் மணிதான் இருந்தது. அவள் தாளை வாங்கிக்கொண்டாள். மடிக்கவில்லை. விரலை முதல் வரிக்கு அடியில் வைத்து, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். படித்து முடிக்கும்வரை அவன் எதிரே நின்றுகொண்டிருந்தான்.